சொன்ன பெயருக்கு அடங்காத கண்கட்டி: சிங்கப்பூரில் அரிய கண் கட்டிகளைக் கண்டறியும் வழி

அத்தையின் வலது மேலிமையில் முதல் முறை கட்டி வந்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்கட்டி யாருக்குத்தான் வராது? நாமக்கட்டியை இழைத்துப் பூசினார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அடங்காததால் மருந்தகத்துக்குப் போய்க் கீறிச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். ஐந்து மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் கீறினார்கள். மூன்றாம் முறை வந்தபோது கட்டிக்கு நேரே நான்கைந்து இமைமுடிகள் உதிர்ந்திருந்தன. இரண்டு முறையும் எடுத்த சதையை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் முறை ஒரு துணுக்கை வெட்டி அனுப்பினார்கள். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் செபேஷியஸ் கார்சினோமா என்ற புற்று என்று விடை வந்தது.

நான் மருத்துவர் அல்ல. அத்தைக்குத் துணையாகப் போய், பிறகு ஆங்கிலம் சரளமாக வராத சில தமிழ்க் குடும்பங்களுக்கும் மொழிபெயர்ப்புத் துணையாகப் போய்க் கற்றதை இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து, கண்ணில் ஏதோ சரியில்லை என்ற பயத்தோடு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணின் அரிய கட்டிகள் பெரும்பாலும் சாதாரண நோயின் பெயரில்தான் முதலில் உலவுகின்றன. இமைப் புற்றைக் கண்கட்டி என்பார்கள். கண்ணுக்குள் வரும் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றை அழற்சி என்பார்கள். குழந்தையின் விழித்திரைப் புற்று மாறுகண் என்ற பெயரில் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். இதில் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது சாதாரண நோயாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரண நோய்க்கு ஒரு நடை உண்டு. கண்கட்டி சில வாரங்களில் வற்றும், அழற்சி மருந்துக்கு அடங்கும். வைத்த பெயரும் அது நடக்கும் விதமும் ஒத்துப்போகாவிட்டால், திரும்பிப் போய்க் காட்டுவது உங்கள் வேலை. அந்த இரண்டாவது பயணத்தைத் தள்ளிப்போடுவதில்தான் மாதங்கள் தொலைகின்றன.

முதல் படி: வீட்டில் என்ன பார்ப்பது

குழந்தைகளிடமிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் அவசரம் அதிகம். ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்று 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். இரு கண்களிலும் வந்தால் ஒரு வயதையொட்டியும், ஒரு கண்ணில் மட்டும் வந்தால் இரண்டு வயதையொட்டியும் தெரியவருவது வழக்கம். முதல் அடையாளத்தைப் பல நேரம் பெற்றோரே கண்டுபிடிக்கிறார்கள். கண்மணிக்குள் ஒரு வெண்மை, மங்கிய வெளிச்சத்தில் பூனையின் கண்போல ஒரு பளபளப்பு. பிறந்தநாள் புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரியும்.

கைப்பேசியில் பார்ப்பதானால் சிவப்புக் கண்ணை நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விளக்கொளி குறைந்த அறையில் ஃபிளாஷோடு, குழந்தை நேராகக் கேமராவைப் பார்க்கும்போது சில படங்கள் எடுங்கள். குழந்தை மூக்குப் பக்கமாகச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் ஒளி பட்டு நல்ல கண்ணும் வெண்மையாகத் தெரியக்கூடும். ஒரே ஒரு படத்தில் தெரிந்ததற்காக நடுங்க வேண்டாம். ஆனாலும் அந்தப் படத்தை அழிக்காமல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. புகைப்படம் பரிசோதனைக்கு ஈடாகாது.

இரண்டாவது அடையாளம் மாறுகண். நம் வீடுகளில் பெரியவர்கள், மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள், வளர வளரச் சரியாகிவிடும் என்பார்கள். பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் கண் அவ்வப்போது விலகுவது இயல்புதான். நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகியே இருந்தால் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். இதில் பாட்டியோடு வாதாட வேண்டியதில்லை, பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தரப்படும் சுகாதாரக் கையேட்டில் வளர்ச்சிப் பரிசோதனைகளுக்கான வயதுகள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். ஊரிலிருந்து குழந்தையோடு வந்தவர்கள், முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதே, கண்மணிக்குள் ஒளி பாய்ச்சி அது எப்படித் தெறிக்கிறது என்றும் பார்க்கும்படி கேளுங்கள்.

பெரியவர்களிடம் இமையோரத்தைப் பாருங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி, மஞ்சள் சாயலான தடிப்பு, இமைமுடி உதிர்ந்த இடம், ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாத இமை வீக்கம். செபேஷியஸ் கார்சினோமா மேலைநாடுகளைவிட ஆசியாவில் கூடுதலாகக் காணப்படுவது, கீழிமையைவிட மேலிமையில் கூடுதலாக வருவது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வந்த கண்கட்டி, கீறிய பிறகும் அதே இடத்தில் முளைத்தால், அந்தச் சதையை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

வெள்ளைவிழியில் பழுப்புத் திட்டுகள் இருப்பது நம் நிறத்தவர்களுக்குச் சாதாரணம். இரு கண்களிலும், தட்டையாக, சிறு வயதிலிருந்தே இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரு கண்ணில் மட்டும் நடுவயதில் புதிதாக வந்தது, தடித்தது, பரவுவது, இரத்தக்குழாய் தடித்து ஓடி வந்து சேர்வது என்றால் காட்ட வேண்டும். கட்டுமானத் தளத்தில் வெயிலில் வேலை செய்யும் தம்பிமார் பலருக்கு மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்ந்திருக்கும். பெரும்பாலும் அது தீங்கற்ற வளர்ச்சியே. அது கூழ்போலப் புடைத்து, மேலே வெண்மையான படலம் படர்ந்திருந்தால் வெண்விழித் தோலின் செதிள் புற்றாகவோ அதன் தொடக்க நிலையாகவோ இருக்கலாம், சூரிய ஒளி அதற்கு ஒரு காரணம். சதையை நீக்கும் அறுவை செய்துகொண்டால், எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்று இங்கும் கேளுங்கள்.

கண்ணுக்குள் இருப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. பார்வையின் ஓரத்தில் திரைபோல ஒரு நிழல், மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, மிதக்கும் புள்ளிகள், நேர்கோடு வளைந்து தெரிவது ஆகியவையே அதன் அறிகுறிகள். ஒரு கண் மட்டும் முன்னால் தள்ளி நிற்பதும் இரட்டையாகத் தெரிவதும் விழிக்குழிக்குள் ஏதோ இடத்தை அடைக்கிறது என்பதைக் காட்டும். குழந்தைக்கு இது சில நாட்களுக்குள் வேகமாக வந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இரண்டாம் படி: முதலில் எந்தக் கதவு

அவசரம் இல்லையென்றால் பாலிகிளினிக் எனப்படும் அரசாங்கப் பலதுறை மருந்தகம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால், அரசாங்க மருத்துவமனையின் நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். சாஸ் (CHAS) என்ற மானியத் திட்டத்தின் அட்டை உள்ள குடிமக்களை, அத்திட்டத்தில் உள்ள குடும்ப மருத்துவரும் அப்படிப் பரிந்துரைக்க முடியும். நேராக நிபுணரிடம் தனியார் நோயாளியாகப் போனால் முன்பதிவு விரைவாகக் கிடைக்கலாம், செலவோ பல மடங்கு. கண்ணாடிக் கடையில் அளவு பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. கண்ணாடிக்கு அளவு பார்ப்பதும் கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பதும் ஒன்றாகாது.

வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ வந்தவர்களுக்கு மானியம் இல்லை. முதலாளி கட்டாயம் எடுத்திருக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு உண்டு. 2023 ஜூலை முதல் எடுக்கப்படும், புதுப்பிக்கப்படும் காப்பீடுகளில் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. வெளிநோயாளர் பரிசோதனைகள் அதற்குள் வரும் என்று நீங்களாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். தங்குவிடுதியில் இருப்பவர்கள் தங்கள் அடிப்படை மருத்துவத் திட்டத்தின் மருந்தகத்தில் தொடங்கி, அங்கிருந்து பரிந்துரை பெறலாம். வேலை போய்விடுமோ என்று பயந்து கண்ணை மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மருந்தகத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்கு முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்தக் கண், எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை முறை திரும்பியது, என்ன மருந்து போட்டது, மருந்து நிறுத்தியபின் என்ன ஆனது, குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் கண்ணை எடுத்தார்களா, உங்களுக்கு முன்பு எந்தப் புற்றாவது வந்ததா. கடைசி இரண்டும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை. 'கண் வலி' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், 'இது மூன்றாவது முறை, அதே இடம், முடி உதிர்ந்திருக்கிறது' என்று சொன்னால் பரிந்துரைக் கடிதத்தில் அந்தச் சொற்களே ஏறும். முன்பதிவு எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்பதை அந்தக் கடிதமே முடிவு செய்கிறது.

மூன்றாம் படி: கண் நிலையத்தில் முதல் நாள்

ஊட்ரம் வளாகத்தில் உள்ள சிங்கப்பூர் தேசிய கண் நிலையம் 1990 முதல் இயங்குகிறது. ஊட்ரம் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் நடந்தோ இணைப்புப் பேருந்திலோ போகலாம். தேசிய புற்றுநோய் நிலையமும் அதே வளாகத்தில் இருப்பது பின்னால் உதவியாக இருக்கும். கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, நொவீனாவில் டான் டோக் செங் மருத்துவமனை ஆகியவற்றிலும் கண் பிரிவுகள் உண்டு. குழந்தைகளுக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை.

முழு நாளையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். கருநிறக் கண்களில் அது மெதுவாகவே வேலை செய்வதால் இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் அருகில் உள்ளது மங்கும், வெயில் கூசும். கார், மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. உயரத்தில் வேலை, இயந்திர வேலை கூடாது. மேற்பார்வையாளரிடம் காட்டுவதற்கு மருத்துவ விடுப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் கூடவே ஓர் ஆளும் வேண்டும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழில் விளக்கம் வேண்டும் என்று பதிவு மேசையிலேயே சொல்லுங்கள், தமிழ் பேசும் ஊழியரைத் தேடித் தருவார்கள். பள்ளிக்குப் போகும் மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவுக்குப் புற்று இருக்கலாம் என்ற வாக்கியத்தை ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன் வாயால் சொல்ல நேர்ந்ததை நான் ஒரு முறை பார்த்தேன். அன்று அவள் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

கருவிகள் எதுவும் வலிக்காது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் பிளவு விளக்கின் முன் தாடையை வைத்து உட்காருவீர்கள். ஓசிடி என்பது ஒளியால் விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது, அதற்குச் சில நிமிடங்களே ஆகும். அல்ட்ராசவுண்டுக்கு மூடிய இமைமேல் களிம்பு தடவி ஒரு முனையை வைத்து நகர்த்துவார்கள். கையில் மஞ்சள் சாயத்தை ஊசியாகச் செலுத்தி விழித்திரை இரத்தக்குழாய்களைப் படமெடுப்பதும் உண்டு. அதில் சிலருக்குச் சற்று நேரம் குமட்டும், சில மணி நேரம் தோல் மஞ்சளாக இருக்கும், மறுநாள்வரை சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும். இதைச் சொல்லாமல் விட்டால் மஞ்சள் காமாலை என்று வீட்டில் அழுகை கிளம்பும், அதனால் சொல்கிறேன். பச்சைச் சாயம் செலுத்துவதானால், அயோடின் ஒவ்வாமை இருப்பதை முன்பே தெரிவியுங்கள்.

நான்காம் படி: பயாப்சி எப்போது, எப்போது கூடாது

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். உடம்பில் வேறு இடத்தில் கட்டி வந்தால், பெரும்பாலும் சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்காமல் (இதுதான் பயாப்சி) புற்று என்று சொல்ல மாட்டார்கள். கண்ணுக்குள் அப்படி இல்லை. அதனால்தான், 'பயாப்சியே செய்யவில்லை, பார்த்தவுடன் எப்படிச் சொல்கிறார்?' என்று குடும்பங்கள் மருத்துவரைச் சந்தேகிக்கின்றன.

குழந்தையின் ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கக் கூடாது. கண் என்ற மூடிய உறைக்குள் அடைந்திருக்கும் புற்றணுக்கள் ஊசி போன வழியாக வெளியே பரவக்கூடும். மயக்க மருந்தின்கீழ் விழித்திரை முழுவதையும் பார்த்து, அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரிகிறதா என்று தேடி, பார்வை நரம்புக்கும் மூளைக்கும் பரவியிருக்கிறதா என்பதை எம்ஆர்ஐயில் கண்டு முடிவு செய்கிறார்கள். சிடி ஸ்கேனைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். பரம்பரை வகை இருந்தால் அந்தக் குழந்தைக்குக் கதிர்வீச்சு தனி ஆபத்து. வெண்மையாகத் தெரிவதெல்லாம் புற்று என்றும் எண்ண வேண்டாம். பிறவிக் கண்புரை, விழித்திரை இரத்தக்குழாய்கள் கசியும் கோட்ஸ் நோய், நாய் பூனை வழியாக வரும் புழுத் தொற்று ஆகியவையும் அப்படியே தெரியும். அவற்றைப் பிரித்தறிவதற்குத்தான் இத்தனை படங்களும்.

பெரியவர்களின் கண்ணுக்குள் தோன்றும் மெலனோமா என்ற நிறமி அணுப் புற்று, வெள்ளைத் தோலும் வெளிர் கண்களும் உடையவர்களிடம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஐந்தாறு பேருக்கு வருகிறது, ஆசியர்களிடம் ஒருவருக்கும் குறைவு. தமிழர்களிடம் மிக அரிது. அதையும் பெரும்பாலும் கண்ணால் பார்த்தும் அல்ட்ராசவுண்டை வைத்துமே உறுதி செய்கிறார்கள். கண்ணால் சொல்வது எவ்வளவு சரி? அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் அறிக்கை 1990இல் வந்தது. மெலனோமா என்று கணித்து அகற்றிய 413 கண்களை ஆய்வகத்தில் சோதித்தபோது 411இல் கணிப்பு சரியாக இருந்தது. சந்தேகப்படும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். மெலனோமாவில் ஊசியால் துணுக்கு எடுப்பதும் உண்டு. ஆனால் பல நேரம் அதன் நோக்கம் வேறு. கட்டியின் அணுக்களில் மூன்றாம் குரோமோசோமின் ஒரு பிரதி இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்த்து, கல்லீரலுக்குப் பரவும் ஆபத்து எவ்வளவு என்று கணிப்பதற்காக எடுப்பார்கள்.

கண்ணுக்குள் மச்சம் இருக்கிறது என்று சொன்னால் அதற்கு அர்த்தம் புற்று என்பதல்ல. தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலா, அடியில் நீர் கசிகிறதா, ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருக்கிறதா, பார்வை நரம்பின் ஓரத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, பார்வையில் மாற்றம் உண்டா என்று பார்ப்பார்கள். இவற்றில் எத்தனை கூடுகிறதோ அத்தனை ஆபத்து. எதுவும் இல்லையென்றால் படமெடுத்து வைத்து, சில மாதம் கழித்து ஒப்பிடுவார்கள். 'ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்' என்று நினைத்து அந்த அடுத்த நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம். பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வளர்ச்சி தெரியும், ஆகவே அந்த ஒப்பீடே அங்கே பரிசோதனை.

கண்ணுக்குள் வரும் லிம்போமாவில் நிலைமை தலைகீழ். அங்கே துணுக்கு வேண்டும், அதுவும் பொழுதோடு. அறுபதை ஒட்டிய வயதில் மிதக்கும் புள்ளிகளும் மங்கலும் வரும், அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுப்பார்கள், கொஞ்சம் தெளியும், நிறுத்தினால் திரும்பும். அந்தத் தெளிவு ஏமாற்றக்கூடியது. ஸ்டீராய்டு புற்றணுக்களையும் சிதைப்பதால் ஆய்வகத்தில் எதுவும் கிடைக்காமல் போகும். எனவே கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துச் சோதிக்கும் முன், ஸ்டீராய்டை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள், மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியாக இருந்தாலும், ஊரிலிருந்து கொண்டுவந்த சொட்டு மருந்தாக இருந்தாலும், புட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்குள் ஸ்டீராய்டு இருக்கலாம். எடுத்த கூழில் அணுக்கள் விரைவில் அழிந்துவிடும் என்பதால் அது உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அணுக்களைத் தவிர, இன்டர்லூக்கின் 10 என்ற புரதம் இன்டர்லூக்கின் 6ஐவிட மிகுந்திருக்கிறதா என்றும், எம்ஒய்டி88 மரபணுவில் மாற்றம் உண்டா என்றும் பார்ப்பார்கள். இந்த லிம்போமா மூளைக்கும் போகக்கூடியது என்பதால் மூளைக்கு எம்ஆர்ஐ கட்டாயம்.

இமைக் கட்டிக்கு முழுத் தடிமனில் துணுக்கு வேண்டும். செபேஷியஸ் கார்சினோமா இமையின் உட்தோலில் தாவித் தாவிப் பரவக்கூடியது. அதனால் இமையிலும் வெண்விழியிலும் பல இடங்களிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து வரைபடம்போலக் குறித்துக்கொள்கிறார்கள். அத்தைக்கு அப்படி எடுத்தபோது, ஏன் இத்தனை இடத்தில் குத்துகிறார்கள் என்று நான் கோபப்பட்டேன். முன்பே கேட்டிருந்தால் கோபம் வந்திருக்காது. ஒரு நுணுக்கம்: கொழுப்பைக் காட்டும் சாயச் சோதனை செய்வதானால் பதப்படுத்தாத சதை வேண்டும், வழக்கமான பதப்படுத்தலில் கொழுப்பு கரைந்துவிடும். எனவே இந்தச் சந்தேகத்தை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது மருத்துவரின் பங்கு. 'செபேஷியஸ் என்று சந்தேகிப்பதாகப் படிவத்தில் எழுதினீர்களா?' என்று கேட்பது உங்கள் பங்கு.

கண்ணீர்ச் சுரப்பியில் மெதுவாக, வலியின்றி வளரும் கட்டி என்றால் மீண்டும் எச்சரிக்கை. அது கலப்பு வகைத் தீங்கற்ற கட்டியாக இருந்தால், கீறித் துணுக்கு எடுக்காமல் உறையோடு முழுதாக எடுப்பதே முறை. உறை கிழிந்தால் பல ஆண்டு கழித்துத் திரும்பும், சில வேளை புற்றாகவும் மாறும். வலியோடு வேகமாக வளர்ந்தால் வேறு கதை, அங்கே துணுக்கு தேவை. ஸ்கேன் பார்த்த பிறகே கத்தியை எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஐந்தாம் படி: குழந்தைக்குப் புற்று என்றால் மரபணுச் சோதனை

ரெட்டினோபிளாஸ்டோமா உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு அது பரம்பரை வகை. இரு கண்ணிலும் வந்தால் பரம்பரை வகை என்றே கொள்ள வேண்டும். கட்டி தோன்ற இரண்டு பழுதுகள் நேர வேண்டும் என்ற விளக்கத்தை 1971இல் ஆல்ஃபிரட் நுட்சன் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். அவை 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் நேர்பவை என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாகியிருந்தால், மற்றொன்று பழுதானதும் கட்டி முளைத்துவிடும். 'யார் வழியில் வந்தது?' என்று மாமியார் வீட்டில் கேள்வி எழும். பரம்பரை வகையிலும் பல குழந்தைகளுக்கு அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்ததல்ல, கரு உருவாகும் கட்டத்தில் புதிதாக நேர்ந்தது. இதை மருத்துவரின் வாயாலேயே பெரியவர்களுக்குச் சொல்ல வையுங்கள். ஒரு தாயின் தலையில் பழி விழுவதை அந்தப் பத்து நிமிடம் தடுக்கும்.

சோதனையின் பயன் உடன்பிறந்தவர்களுக்கும்தான். பழுது இல்லாத தம்பிக்கு அடிக்கடி மயக்க மருந்து கொடுத்துக் கண் பார்க்க வேண்டியதில்லை. பழுது இருந்தால் பிறந்த சில நாட்களிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம். வசதியுள்ள நாடுகளில் இந்தப் புற்று வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். கண் போய்விடுமோ என்று அஞ்சி மருத்துவமனையை விட்டு ஓடிய குடும்பங்களில் உயிரும் போயிருக்கிறது. கண்ணை எடுக்கச் சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள், ஆனால் அதை இரண்டு வாரத்துக்குள் கேட்டு முடியுங்கள்.

ஆறாம் படி: கண்ணுக்கு வெளியே தேடுவது

பெரியவர்களின் கண்ணுக்குள் காணும் புற்றில் மிகுதியானது, வேறு இடத்திலிருந்து வந்து குடியேறியது. பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும், ஆண் பெண் இருவருக்கும் நுரையீரலிலிருந்தும் வரும். நுரையீரல் புற்று சிலருக்குக் கண்ணில்தான் முதலில் தலைகாட்டுகிறது. ஆகவே, கண்ணுக்கு வந்தவரை மார்பு ஸ்கேனுக்கு அனுப்பினால் இடம் மாறி அனுப்பிவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். மெலனோமாவுக்குக் கல்லீரல் ஸ்கேன், இமைப் புற்றுக்குக் காதின் முன்னும் கழுத்திலும் உள்ள நிணக்கணுக்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு.

பணமும் தாள்களும்

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற காப்பீடு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு இரண்டும் உண்டு. அதற்குமேல் தாங்க முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் என்ற உதவி நிதி. விண்ணப்பத்துக்கு மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும். பில் வந்தபின் போகாமல், முதல் ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே அவரைப் பார்க்கக் கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அவரைப் பார்க்கலாம், நிறுவனத்தோடு பேச வேண்டிய இடத்தில் எந்தக் கடிதம் தேவை என்று அவர் சொல்வார்.

சிலர் மதுரைக்கோ சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போய் இன்னொரு கருத்துக் கேட்க விரும்புகிறார்கள். அங்கே கண் புற்றுக்கென்றே பெயர்பெற்ற மருத்துவமனைகள் இருக்கின்றன, அதில் தவறில்லை. போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சதையை மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு), சதைத் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் இரவல் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன்களை அச்சாக வாங்காமல் குறுந்தகட்டில் வாங்குங்கள். ஆய்வகம் அவற்றைத் தருவதற்குப் படிவம் நிரப்பிச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதைத் தொடங்குங்கள். திரும்பி வந்ததும் அவற்றை ஆய்வகத்திலேயே ஒப்படையுங்கள்.

அத்தையின் மேலிமையின் ஒரு பகுதியை எடுத்து, கீழிமையிலிருந்து சதை கொண்டு கட்டினார்கள். பார்வை நன்றாக இருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை போகிறோம். இமையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், காதின் முன்னும் தாடையின் கீழும் விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். அடுத்த நாள் எப்போது என்பது அவருடைய நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கிறது. இரண்டு நாள் முன்பே எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "கறுப்புக் கண்ணாடியை மறந்துவிடாதே" என்று நினைவூட்டுவார்.